முப்பது பாகை

பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடம்.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
ஒன்பது நாற்காலிகள், வட்டமாக.
நேவெனா சொல்கிறாள்:
கண்களை மூட வேண்டியதில்லை.
கதவைப் பார்த்தபடி உட்காரலாம்.
எழுந்து போகலாம், காரணம் கேட்க மாட்டேன்.

சுவரில் முதுகு ஒட்டும் நாற்காலியை
நான் ஏற்கெனவே பிடித்துவிட்டிருந்தேன்.

பிறகு சொல்கிறாள்:
பாதத்துக்குக் கீழே தரை இருக்கிறது,
அதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
பொல்லாத சிரிப்பு. இருமலாக மாற்றிக்கொண்டேன்.

பத்தொன்பது ஆண்டுகள், அம்மணி,
தரையைத் தவிர வேறெதைக் கவனித்தேன்?
மாயெவிட்சா மலையின் கிழக்குச் சரிவில்
முழங்காலிட்டு, முகத்துக்குத் தடுப்பு மாட்டி,
ஊசிக்கம்பியை முப்பது பாகை சாய்த்து
விரற்கடைக்கு ஒரு குத்து.
செங்குத்தாகக் குத்தினால் அதன் தலையில் படும்.
சாய்த்துக் குத்தினால் விலாவில் படும்,
விலாவில் பட்டால் விழித்துக்கொள்ளாது.
ஒரு நாளைக்கு ஒரு கட்டில் அளவு நிலம்.
சில நாள் தொட்டில் அளவு.
வேர் என்றால் கம்பி வழுக்கும். கல் என்றால் கிணுங்கும்.
பிளாஸ்டிக் என்றால் ஒன்றும் சொல்லாது.
அந்த ஒன்றும் சொல்லாததைக் கேட்கத்தான் சம்பளம்.

மூச்சைக் கவனிக்கவும் சொல்லித் தருவார்களாம்.
மூச்சை நான் அடக்கிவைத்த இடங்களை
வெள்ளை முளைக்குச்சி நட்டுக் காட்ட முடியும்.

ஸுல்ஃபோவின் இடத்தில் சிவப்பு.

அது ஏப்ரல். காட்டுப்பூண்டு தழைத்துக் கிடந்தது.
அவன் பூட்ஸில் நசுங்கிய இலைகளின் வாசம்
முதலில் வந்தது. பிறகுதான் சத்தம்.
அப்படி இருக்க முடியாது, தெரியும்.
என் மூக்கு அந்த வரிசையில்தான்
சாட்சி சொல்கிறது.

வேலையை விட்டு ஆறு வருஷம்.
தோட்டத்தில் மெவ்லிதாதான் மண்வெட்டி பிடிக்கிறாள்.
வெங்காயம், பீன்ஸ், போன வருஷம் முட்டைக்கோஸ்.
நான் தார்ச்சாலையின் விளிம்பில் நின்று
தண்ணீர்க் குழாயை நீட்டுகிறேன்.
சோம்பேறி என்கிறார்கள் அக்கம்பக்கத்தில்.
அவள் மறுத்ததில்லை.
அந்தப் பெயருக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்ளட்டும் என்று.

இதை ஒருநாள் நேவெனாவிடம் சொன்னேன்.
“ரொம்பக் கவனித்துவிட்டீர்கள்,” என்றாள்.
“தரையை விடுங்கள்.
இந்த அறையில் உங்களைக் கொல்லப் பார்க்காத
ஏதாவதொன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.”

வளையத்தை எடுத்துக்கொண்டேன்.
வலை கிழிந்து ஒரே ஒரு கயிறு தொங்கியது.
நான்கு வாரம் அந்தக் கயிற்றைப் பார்த்தேன்.
காற்றில் ஆடும். ஆடாமலும் இருக்கும்.
இரண்டுக்கும் நான் பொறுப்பில்லை.

ஐந்தாம் வாரம் எல்லோரும் வெளியே, புல்லில்.
யாரும் எதுவும் புதைக்காத புல்.
வரைபடத்தை நானே இருமுறை பார்த்திருந்தேன்.
இருந்தும் வாசற்படியோடு நின்றுவிட்டேன்.
பேருந்து ஓட்டும் சாவ்காவும் இறங்கவில்லை.
ஏன் என்று நான் கேட்கவில்லை,
அவளும் கேட்கவில்லை.
சூரியகாந்தி விதைப் பொட்டலத்தை நடுவில் வைத்தாள்.
கொறித்துத் தோலைப் புல்லின்மேல் துப்பினோம்.
தோல் போய் விழுந்த இடமெல்லாம்
ஒன்றும் ஆகவில்லை.

நேற்று, மெவ்லிதா எழுவதற்கு முன்,
தார் முடியும் இடத்தில் குந்தி உட்கார்ந்து
ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் விட்டேன்.
முப்பது பாகை. விரலுக்கு வேறு கோணம் தெரியாது.
ஒரு கணு, ஈரம்.
இரண்டாம் கணு, குளிர்ச்சி.
பிறகு ஏதோ நகர்ந்தது.
உடம்பு கல்லாகிவிட்டது.
கதவு எங்கே என்று கண் தேடியது.
சமையலறைக் கதவு, திறந்துதான் இருந்தது.
அதைப் பார்த்துவிட்டு
விரலுக்குத் திரும்பி வந்தேன்.

மண்புழு.
என் நகத்தைக் கல்லென்று நினைத்துச்
சுற்றிக்கொண்டு
தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

எவ்வளவு நேரமோ.
மெவ்லிதா ஜன்னலில் நின்றிருக்கிறாள்.
ஒன்றும் கேட்கவில்லை,
காபி அரைக்கும் சத்தம் மட்டும் வந்தது.

உள்ளே போகையில் நகக்கண்ணில் மண்.
கழுவினேன். பாதி போயிற்று.